அடையக் கூடாத துளை

பொருக்கைக் காணவில்லை.

கிருஷ்ணம்மா வெந்நீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தூளிச் சேலையை இரண்டு கையாலும் விலக்கி, குழந்தையின் முகத்துக்கு மேல் குனிந்தாள். மூன்று நாளாக விடிந்ததும் அவள் செய்கிற முதல் வேலை இதுதான். உப்புக் கரைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, பிள்ளையின் வலது மூக்கில் போட்டிருந்த பொன்கம்பி வளையத்தைச் சுற்றி இரவில் கட்டிக்கொள்கிற மஞ்சள் பொருக்கின் மேல் ஒற்றி வைத்து, அது ஊறி இளகித் தானாகக் கழன்று வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். காய்ந்திருக்கும்போது இழுத்தால் ரத்தம் வந்துவிடும். நேற்றும் முந்தாநாளும் வேப்பம்பிசின் மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்த பொருக்கு இன்றைக்கு இல்லை. வளையத்தைச் சுற்றித் தோல் சுத்தமாக இருந்தது. லேசாக ஈரமாகவும் இருந்தது. இப்போதுதான் யாரோ துடைத்துவிட்டு எழுந்துபோன மாதிரி.

அவள் வாசலுக்குப் போனாள். சதாசிவம் ரயில்வே கேட்டுக் கட்டையை இறக்கிவிட்டு, கையில் பச்சைக் கொடியோடு காலைச் சரக்கு வண்டிக்காக நின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, பிள்ளை மூக்கத் தொட்டீங்களா?"

"நான் எங்க தொட்டேன். எனக்கு அதப் பாத்தாலே கை நடுங்குது."

"துடைச்சிருக்கு."

"தூக்கத்துல நீயே துடைச்சிருப்ப. நாலு நாளா நீ எங்க தூங்குன."

வண்டி வந்தது. அதன் சத்தத்தில் வீட்டின் பலகைச் சுவர் நடுங்கியது. கிருஷ்ணம்மா ஓடிப்போய்த் தூளியைப் பிடித்துக்கொண்டாள்.

லாயாங் லாயாங் என்ற மலாய்ப் பேர் கொண்ட ஸ்டேஷனுக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளி, தோட்டத்து மண்சடக்குப் பாதை தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற இடத்தில் அந்த வீடு தனியாக நின்றது. கேட்டுக்காரனுக்கு என்று ரயில்வே கட்டிக்கொடுத்த ஒற்றை அறை, ஒரு சமையல் சாய்ப்பு, மேட்டில் ஏறிவர நாலு படி. ஒரு பக்கம் முழுக்க ரப்பர் மரம். மறுபக்கம் ஆற்றை நோக்கி இறங்குகிற சதுப்பு நிலம், நடுவில் யாரும் நடாமலே பெருகிப்போன ஒரு வாழைத்தோப்பு. அந்தத் தோப்புக்குப் பக்கத்தில்தான் அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளையும் புதைத்திருந்தார்கள்.

முதலாவது பெண். பத்தொன்பதாம் நாள் போனது. இரண்டாவது ஆண். இருபத்தொன்றாம் நாள். காய்ச்சல் இல்லை, இழுப்பு இல்லை, பால் மறுக்கவில்லை. விடிந்து பார்த்தால் அப்படியே கிடந்தன. உடம்பில் ஒரு கீறல் இல்லை. குளிப்பாட்ட வந்த தோட்டத்துப் பெண்கள், மச்சம்கூட இல்லாத பிள்ளை என்று சொல்லித்தான் அழுதார்கள். அந்தச் சொல் மருத்துவச்சி ராஜம்மாவின் காதில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவது பிறந்த பத்தாம் நாள், அவள் ஊசியோடும் கம்பி வளையத்தோடும் வந்தாள்.

"வர்றது எதுவோ, அது குறையில்லாததத்தான் எடுத்துட்டுப் போவுது. இதுக்கு ஒரு குறைய வைப்போம்."

ஊரில் இப்படிக் குத்துவது கிருஷ்ணம்மாவுக்கும் தெரியும். முன்னே பிறந்தவை தங்காத வீட்டில், பிறகு வருகிற பிள்ளைக்கு மூக்கைக் குத்தி, குப்பையில் ஒரு தரம் கிடத்தி எடுத்து, தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். ராஜம்மா கோழித் தவிடு ஒரு படி கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "இந்தா, எனக்கு வேண்டாத பிள்ள, நீ வளத்துக்க" என்று மடியில் போட்டாள். குப்பன் என்று பேர் வைத்தார்கள். மூக்கைக் குத்தியபோது அவன் கத்திய கத்தலில் சதாசிவம் காதைப் பொத்திக்கொண்டு தண்டவாளத்தில் போய் நின்றான்.

"காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம். உப்புத்தண்ணி, அப்புறம் மஞ்சளச் சுட்டுத் தேங்காயெண்ணெயில குழைச்சுப் போடு. கையக் கழுவாமத் தொடாத. ஈரமா இருக்கிறப்ப மட்டும் வளையத்தத் திருப்பு. அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கவைக்காத. நாப்பது நாளைக்குத் துளை அடையக் கூடாது. கேட்டுக்கிட்டியா, புண்ணு ஆறலாம். துளை அடையக் கூடாது."

அந்த வார்த்தைகளை அவள் ஒன்றுவிடாமல் மனதில் வைத்திருந்தாள். அதனால்தான் பொருக்கு இல்லாதது அவளைப் படுத்தியது. சுத்தமாக இருந்த புண்ணைத் தானும் ஒரு தரம் வேண்டுமென்றே துடைத்தாள், மஞ்சளெண்ணெய் வைத்தாள், வளையத்தைத் திருப்பினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கை ஓயவில்லை. மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே விறகைத் தள்ளிவிட்டாள்.

சாயந்தரமும் அப்படித்தான். காலையில் வைத்த மஞ்சளெண்ணெய் சுவடில்லாமல் போயிருந்தது. தூளியில் கறை இல்லை, பிள்ளையின் கையில் கறை இல்லை, கன்னத்தில் அப்பியதும் இல்லை. அவள் முகத்தைப் பிள்ளையின் மூக்கோடு வைத்து முகர்ந்தாள். பால் வாசனை, எண்ணெய் வாசனை, அதற்கு அடியில் இன்னொன்று. வெட்டிப்போட்ட வாழைத்தண்டின் பச்சை வாடை. குளிர்ச்சியாக, லேசாகத் துவர்க்கிற மாதிரி.

"பூனை நக்கியிருக்கும்" என்றான் சதாசிவம்.

இருக்கலாம். கம்பத்து மலாய் வீடுகளிலிருந்து ஒரு குட்டைவால் பூனை மீன்தலைக்காக வந்துபோகும். அவள் ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டினாள். சுவர்ப் பலகையின் இடுக்குகளில் பழந்துணியை அடைத்தாள். மறுநாள் பார்த்தால், பூனை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்தபடி உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மீன்தலையைக் காட்டிக் கூப்பிட்டும் தண்டவாளத்தைத் தாண்டி வரவில்லை. அன்றைக்கும் பிள்ளையின் மூக்கு துடைத்துச் சுத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் தூளியைவிட்டு நகராமல் இருந்து பார்த்தாள். அரிசியை அங்கேயே உட்கார்ந்து பொறுக்கினாள், துணியை அங்கேயே தைத்தாள். கண் பிள்ளை மேலேயே இருக்கும். பிறகு, பானை பொங்குகிற சத்தம் கேட்டுத் தலையைத் திருப்புவாள். வண்டி ஊதுகிற சத்தத்துக்கு வாசலைப் பார்ப்பாள். அவ்வளவுதான், இமைக்கிற நேரம். திரும்பும்போது தூளி ஆடிக்கொண்டிருக்கும். பிள்ளை அசைந்து ஆடுகிற ஆட்டம் இல்லை அது. ஒரு கை பிடித்து மெதுவாக விட்டால் எப்படி ஒரே சீராக ஆடுமோ அப்படி. குப்பன் வாயைக் குவித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான். மூக்கில் ஈரம்.

அழாத பிள்ளை. குத்திய அன்று அழுததுதான். அவள் கழுவும்போது முகத்தைச் சுளித்துச் சிணுங்குவான். அந்த இன்னொரு கைக்கு அதுகூட இல்லை. தன்னைவிட இதமாகத் தொடத் தெரிந்த கை என்று நினைத்தபோது, பயத்துக்கு நடுவில் அவளுக்குப் பொறாமை மாதிரி ஒன்றும் வந்தது.

மூக்குக் குத்திய ஆறாம் நாள் மழை சற்று விட்டபோது ராஜம்மா வந்தாள். முழங்கால்வரை சேறு. பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய்ப் பார்த்தவள், பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாரு கழுவுறது?"

"நான்தான் அக்கா."

"நீதானா?"

கிருஷ்ணம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சொல்லத் தொடங்கினால் என்னவெல்லாம் வந்துவிடுமோ என்று இருந்தது. "வேற யாரு இருக்கா இங்க" என்றாள்.

"எத்தனையோ குத்தியிருக்கேன். ஆறு நாள்ல இப்படி ஆறாது. வருசக்கணக்கா போட்டிருந்த மாதிரி இருக்கு." ராஜம்மா எண்ணெய் தொட்டு வளையத்தைத் திருப்பினாள். திரும்பவில்லை. தோல் கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்தித் திருப்ப, பிள்ளை வீறிட்டான். வளையம் நகர்ந்தது.

"உள்ளருந்து சதை மூடிக்கிட்டு வருது. இனிமே மூணு வேளையும் திருப்பு." அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஊசியை எடுத்து, கொட்டைப்பாக்கில் குத்தி, கிருஷ்ணம்மாவின் கையில் வைத்தாள். "தோட்டத்துப் பாதையில தண்ணி ஏறுது. நாளைக்கு நான் வர முடியுமோ என்னமோ. அடஞ்சுட்டா நீயே குத்திடு. யோசிக்காத."

"நானா அக்கா?"

"பெத்தவதானே."

படியிறங்கும்போது ராஜம்மா திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். பிள்ளையையோ அவளையோ பார்க்கவில்லை. தூளிக்குப் பின்னால் இருந்த வெறும் மூலையைப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

அன்று மறுபடி பிடித்த மழை விடவில்லை. ஆறு பெருகி, சதுப்பை மூடி, ரப்பர் மரங்களுக்குள் வழிந்து, குத்திய ஒன்பதாம் நாள் காலையில் வீட்டின் கீழ்க்கடைசிப் படியைத் தொட்டது. பழுப்புத் தண்ணீர், அசையாதது போல் நின்று, உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் வரவில்லை. பத்து மணிக்குத் தண்டவாளத்தின் மேல் தள்ளுவண்டி ஒன்று வந்தது. மேஸ்திரி சந்தனசாமியும் நாலு பேரும் மண்வெட்டிகளோடு இருந்தார்கள்.

"சதாசிவம், வடக்க கரை அரிச்சுப்போச்சு. கேட்டுக்காரன், கொடிக்காரன் எல்லாரையும் கூட்டியாரச் சொல்லிட்டாங்க. கிளம்பு."

"வீட்ல தனியா இருக்கு மேஸ்திரி. பச்சப்புள்ள."

"மேட்டு வீடு. இங்க ஏறாது. நாளைக்குச் சாயந்தரம் கொண்டாந்து விட்டுர்றேன்."

சதாசிவம் உள்ளே வந்தான். சட்டையை மாட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "கதவத் தாழ் போட்டுக்க. ஒரு ராத்திரிதானே."

"என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஸ்டேஷன்ல விட்டுருங்க."

"இந்த மழையில பத்தொம்பது நாள் பிள்ளையத் தூக்கிக்கிட்டா?"

எண்ணிக்கையைச் சொன்ன பிறகுதான் அது அவனுக்கே கேட்டது. முதல் பிள்ளை போன நாள். பிள்ளையின் உள்ளங்காலை விரலால் ஒரு தரம் தொட்டுவிட்டு இறங்கிப் போனான். தள்ளுவண்டியின் சக்கர ஓசை மழைக்குள் நெடுநேரம் தேய்ந்துகொண்டே போய், எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது.

அவள் தூளியை அவிழ்த்துவிட்டாள். அது ஆடுவதற்கு இனி இடமே வேண்டாம். குப்பனைத் தன் மாரோடு வைத்துச் சேலையால் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டாள். அவன் தலை தன் தாடைக்குக் கீழே, அவன் மூச்சு தன் கழுத்தில். அப்படியே நடந்தாள். வாசலிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து வாசலுக்கு. பகல் முழுக்க. இரவு முழுக்கவும். உட்கார்ந்தால் கண் சொருகும் என்று நடந்தாள். மழை கூரைத் தகரத்தில் அடிக்கிற சத்தத்துக்கு அடியில், தன் நடைக்கு ஒரு எட்டு பிந்தி இன்னொரு நடை கேட்கிற மாதிரி இருந்தது. நின்றால் அதுவும் நின்றது. அரைமணிக்கு ஒரு தரம் வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. திருப்பினாள். திரும்பியது. ஈரமில்லை.

விடிந்தது. குப்பன் உயிரோடு இருந்தான். பத்தொன்பது கடந்துவிட்டது. அவள் அழுதாள். வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, பஞ்சை நனைத்து, பொருக்கைப் பார்த்தாள். இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு, மஞ்சளாக, கெட்டியாக, வளையத்தைச் சுற்றி இருந்தது. அதை ஊறவைத்துத் துடைத்து எடுக்கும்போது அவன் சிணுங்கினான். அந்தச் சிணுங்கல் அவளுக்கு அமிர்தமாக இருந்தது.

பால் கொடுப்பதற்காகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கண்ணை மூடியது நினைவில்லை. விழித்தபோது மழை நின்றிருந்தது. அதுதான் அவளை எழுப்பியிருக்க வேண்டும், அந்த அமைதி. தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம்கூட இல்லை. திறந்திருந்த கதவு வழியாக வெளிறிய வெளிச்சம் வந்து கிடந்தது. கதவைத் தாழ் போட்டிருந்தாள். அது நன்றாக நினைவிருந்தது.

மாரில் கட்டியிருந்த முடிச்சு அவிழவில்லை. பிள்ளை உள்ளே இருந்தான். சேலையின் மார்ப்பக்கம் சில்லென்று நனைந்திருந்தது. வாழைத்தண்டு வாடை தொண்டைவரை ஏறியது.

வளையம் பாயில் கிடந்தது.

அவள் அதை எடுத்தாள். ராஜம்மா இடுக்கியால் நெரித்து மூடிய வாய் மூடியபடியே இருந்தது. வளையம் திறக்கவில்லை. அறுபடவில்லை. வளையாமல், நெளியாமல், முழு வட்டமாக இருந்தது. மூக்கை அறுத்துக்கொண்டு வந்திருந்தால் ஒழிய அது வெளியே வர வழியில்லை.

மூக்கைப் பார்த்தாள். அறுபட்டிருக்கவில்லை. புண்ணில்லை. தழும்பில்லை. புள்ளிகூட இல்லை. விரலை ஈரம் செய்து தேய்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறந்த அன்றைக்கு இருந்த மூக்கு. யாரும் எப்போதும் ஒன்றும் செய்யாத மூக்கு.

மச்சம்கூட இல்லாத பிள்ளை.

கொட்டைப்பாக்கைத் தேடினாள். மாடத்தில் இருந்தது. ஊசியைப் பிடுங்கி விளக்குச் சுடரில் காட்டி, உப்புத் தண்ணீரில் முக்கினாள். யோசிக்காதே என்று ராஜம்மா சொன்னாள். பிள்ளையை மடியில் கிடத்தி, இடது கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண் விழித்திருந்தான். அவளையே பார்த்தான்.

"பொறுத்துக்கடா சாமி" என்றாள். "ஒரு தரம்தான். அம்மா ஒரு தரம்தான் குத்துவேன்."

ஊசியை வைத்து அழுத்தினாள்.

போனது. பதமாக அரைத்த மாவுக்குள் போகிற மாதிரி, தடுப்பே இல்லாமல் போனது. மறுபக்கம் வந்தது. அவன் கண் இமைக்கவில்லை. வாய் கோணவில்லை. ரத்தம் இல்லை.

வெளியே ஒரு குழந்தை வீறிட்டது.

தூரத்தில். தண்ணீருக்கு அப்பால், வாழைத்தோப்புப் பக்கம். ஒரே ஒரு நீண்ட வீறிடல், பிறகு மூச்சு அடைத்து, பிறகு தேம்பல். அந்தக் கத்தல் அவளுக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன்னால் இதே அறையில் அதைக் கேட்டிருக்கிறாள். அவள் மார்பில் பால் சுரந்து சேலையில் வழிந்தது.

ஊசியை உருவினாள். தேம்பல் நின்றது. மூக்கில் துளை இல்லை.

மடியில் கிடந்தது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அவள் மறுபடியும் குத்தினாள். அதே இடத்தில். தோப்புப் பக்கமிருந்து அதே வீறிடல். ஆனால் சற்று இடதுபக்கம் தள்ளி. யாரோ தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

அவள் எழுந்து படியிறங்கினாள். ஒரு படிதான் வெளியே தெரிந்தது. மற்றவை தண்ணீருக்குள். முழங்கால், தொடை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காலுக்குக் கீழே புல் வழுக்கியது. இடது கையில் அதை மாரோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வலது கையில் ஊசி. மேலே வானம் வெள்ளையாக, தண்ணீரும் வெள்ளையாக, நடுவில் வாழை இலைகள் மட்டும் கறுப்பாக நின்றன. காற்று இல்லை. ஒரு இலை மட்டும் ஆடியது. ஒரே சீராக.

"குப்பா" என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை. தவளைச் சத்தம்கூட இல்லை.

குத்தினாள். வலதுபக்கம், தோப்புக்கு உள்ளே. அவள் வலதுபக்கம் திரும்பி நடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அழுகை நின்றுவிட்டது. நின்றவுடன் திசை மறந்துபோயிற்று. எல்லாத் தண்டும் ஒரே மாதிரி இருந்தது, எல்லா இடுக்கும் ஒரே மாதிரி இருட்டாக இருந்தது. குத்தாவிட்டால் அழுகை கேட்காது. அழுகை கேட்காவிட்டால் பிள்ளை எங்கே என்று தெரியாது. தான் குத்துகிற ஒவ்வொரு குத்தும் அவனுக்கு வலிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

குத்தினாள்.

இந்தத் தடவை குரல் களைத்திருந்தது. ஆனால் கிட்டே. பத்தடி. அவள் தண்டுகளைத் தள்ளிக்கொண்டு போனாள். இலைத் தண்ணீர் முகத்தில் கொட்டியது. தூரத்தில் தண்டவாளத்தில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சதாசிவத்தின் குரல் மாதிரி இருந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் இந்த இடமும் போய்விடும்.

"அம்மா வந்துட்டேன்டா. இந்தா, வந்துட்டேன்."

ஊசி ஒரு தரம் வழுக்கியது. மறுபடி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அழுகை அவள் காலடியில் கேட்டது.

தண்ணீருக்கு உள்ளிருந்து. மேலே ஒரு நீர்வளையம்கூட எழும்பவில்லை. பழுப்புத் தண்ணீரின் அடியில், அவள் முழங்காலுக்குக் கீழே, அவள் பிள்ளை வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான், தொண்டை கமறி, மூச்சுத் திணறி, விடாமல். குளிர்ந்த சின்ன விரல்கள் அவள் கணுக்காலைத் தொட்டன. அவற்றைச் சுற்றி வேறு விரல்களும் இருந்தன. அவற்றில் சில அவன் விரல்களைவிடச் சின்னவை.

இருபது நாள் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. அவள் மாரில் கிடந்தது தலையை நிமிர்த்தி, நேராக நிறுத்தி, அவள் கையைத் தாண்டி எட்டிக் கீழே தண்ணீரைப் பார்த்தது.